உபுண்டு சோதனைப் பதிப்பு ஹேங் ஆனால்: பவர் பட்டனில் கை வைப்பதற்கு முன்

மவுஸ் அம்பு திரை நடுவில் நின்றுவிட்டது, ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே அரை வினாடியைத் திரும்பத் திரும்ப அரைக்கிறது, எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. இந்த நேரத்தில் எல்லோருடைய கையும் பவர் பட்டனுக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் இரண்டு நிமிடம் கழித்துப் போகட்டும். என்ன பழுது என்று சொல்லக்கூடிய தடயங்கள் எல்லாம் அப்போதுதான் கண்ணெதிரே இருக்கின்றன. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால் அதில் பாதி அழிந்துபோகும், அப்புறம் "அடிக்கடி ஹேங் ஆகுது" என்பதைத் தவிர நம்மிடம் சொல்ல எதுவும் இருக்காது.

இது லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை முதல் தடவையாகப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு எழுதியது. உபுண்டு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அடுத்த பதிப்பு டெய்லி பில்டாக, அதாவது தினமும் புதிதாகக் கட்டப்படும் பதிப்பாக, இறக்கிக்கொள்ளக் கிடைக்கும், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்னால் பீட்டா வரும். இந்தக் காலத்தில் கர்னல் (ஹார்டுவேரை இயக்கும் மையப் பகுதி), ஜிநோம் (நாம் திரையில் பார்க்கும் டெஸ்க்டாப்), கிராஃபிக்ஸ் டிரைவர் எல்லாமே வாரத்துக்கு வாரம் மாறும், நேற்று நன்றாக ஓடியது இன்று ஹேங் ஆனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது என்று தேடிப் பிடிக்க முடியும். நிலையான பதிப்பில் கிடைக்காத வசதி அது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே கணினியில் இதைப் போடாதீர்கள். 2008-இல் லினக்ஸ் கர்னல் 2.6.27 இன்னும் சோதனையில் இருந்தபோது, சில இன்டெல் நெட்வொர்க் கார்டுகளின் உள்ளே இருக்கும் நிரந்தர நினைவகத்தையே அது கெடுத்துவிட்டது. உபுண்டு 8.10, ஃபெடோரா 10 ஆகியவற்றின் சோதனைப் பதிப்புகளில் அந்தக் கர்னல் இருந்தது, போட்டுப் பார்த்தவர்களில் சிலருக்குக் கார்டே வேலை செய்யாமல் போனது. முதலில் எல்லோரும் இ1000இ என்ற நெட்வொர்க் டிரைவரைத்தான் சந்தேகப்பட்டார்கள், கடைசியில் பார்த்தால் கர்னலின் உள் ஓட்டத்தைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற வேறொரு பகுதி இடம் தவறி எழுதியிருந்தது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் கல்லூரிப் புராஜெக்ட்டும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில் இந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? பழைய மடிக்கணினி ஒன்றிலோ தனி எஸ்எஸ்டியிலோ போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் முக்கியமான கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஹேங் ஆவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

கணினி நன்றாக ஓடும்போது அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். ஹேங் ஆன பிறகு இவற்றைச் செய்ய முடியாது.

முதல் வேலை, செல்போனிலிருந்து கணினிக்குள் நுழைய ஒரு வழி. எஸ்எஸ்எச் என்பது நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினிக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் வழி. உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வர் பொதியை (பேக்கேஜை) நிறுவுங்கள், ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியைப் போட்டு அதில் எஸ்எஸ்எச்சை நிறுவி, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கும்போது ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். கணினியின் ஐபி எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். திரை நின்ற பிறகு அந்த எண்ணை எங்கே போய்ப் பார்ப்பது? திரை செத்தாலும் உள்ளே கணினி உயிரோடு இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கும், அதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, சிஸ்ஆர்க்யூ விசை. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் அந்தக் கட்டளை நேரே கர்னலுக்குப் போகும், டெஸ்க்டாப் செத்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் உபுண்டு இதை முழுதாகத் திறந்து விடுவதில்லை. அதன் இயல்பான மதிப்பு 176, அதாவது 128, 32, 16 என்ற மூன்று அனுமதிகளின் கூட்டல்: மறுதொடக்கம், வட்டை எழுத முடியாதபடி பூட்டுதல், நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதுதல். புரோகிராம்களை நிறுத்த 64, விசைப்பலகையை மீட்க 4, இரண்டையும் சேர்த்தால் 244. இடிசி அடைவுக்குள் சிஸ்சிடிஎல்.டி என்ற அடைவில், பெயரில் மேஜிக் சிஸ்ஆர்க்யூ என்று இருக்கும் கோப்பைத் திறந்து 176-ஐ 244 ஆக்கி, கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் போதும். பல இடங்களில் 1 என்று போடச் சொல்வார்கள், அது எல்லாக் கதவையும் திறந்துவிடும், நமக்கு அவ்வளவு தேவையில்லை. இன்னொன்று, மடிக்கணினிகளில் பிரிண்ட் ஸ்கிரீன் தனி விசையாக இல்லாமல் எஃப்என் விசையோடு சேர்ந்திருக்கும், உங்களுடையதில் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்தினால் வேலை செய்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

மூன்றாவது சின்ன வேலை, ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். மேலே தெரியும் கடிகாரத்தில் வினாடியும் காட்டும்படி அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். ஹேங் ஆனதும் கடிகாரமும் நின்றுவிடும், 11:42:17 என்று நின்றிருந்தால் அந்த வினாடியில்தான் திரை செத்தது. பிறகு பதிவுகளைப் புரட்டும்போது ஆயிரக்கணக்கான வரிகளில் எங்கே பார்ப்பது என்று தேடி அலைய வேண்டாம், நேரே 11:42:17-க்குப் போகலாம்.

பழைய கர்னல்களை அழிக்காதீர்கள், இடத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லும் கருவிகளிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

அந்த இரண்டு நிமிடம்

ஹேங் ஆகிவிட்டது. முதலில் செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள், கடிகாரம் தெரிய வேண்டும். என்னென்ன திறந்திருந்தது என்பதும் அந்தப் படத்திலேயே இருக்கும், பத்து நிமிடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தப்பும் தவறுமாகத்தான் வரும்.

அடுத்து கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கர்னலும் உயிரோடு இருக்கிறது, டெஸ்க்டாப்பின் ஒரு பகுதியும் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் எல்லாம் செத்துவிட்டது என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், டெஸ்க்டாப் ஓடும்போது அந்த விளக்கை இயக்குவதே டெஸ்க்டாப்தான், அது மட்டும் சிக்கி நின்றாலும் விளக்கு எரியாது. நீங்கள் தொடாமலேயே விளக்கு தானாக விட்டு விட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், கர்னலே ஓட முடியாமல் கை தூக்கிவிட்டது என்று பொருள்.

வட்டு விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள், விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். வட்டு விளக்கு நிற்காமல் எரிந்து, மவுஸ் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு விரற்கடை நகர்ந்தால் அது ஹேங்கே இல்லை, ரேம் நிரம்பி மூச்சுத் திணறுகிறது. இதையும் உண்மையான ஹேங்கையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பத்து வினாடி காத்திருங்கள். கறுப்புத் திரையில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் நல்ல செய்தி, கர்னல் ஓடுகிறது, டெஸ்க்டாப் மட்டும்தான் நின்றிருக்கிறது. உள்ளே போய் டாப் என்று அடித்துப் பாருங்கள், எது சிபியூவையோ ரேமையோ தின்றுகொண்டிருக்கிறது என்று மேலேயே தெரியும், அதை நிறுத்திவிட்டு கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி டெஸ்க்டாப்புக்குத் திரும்பலாம்.

கறுப்புத் திரையும் வரவில்லை என்றால் செல்போனை எடுத்து டெர்மக்ஸ் வழியாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் அநேகமாகக் கிராஃபிக்ஸ் டிரைவர்தான். முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி கேட்கும் சொல்) போட்டு டிமெஸ்ஜி கட்டளையை ஓட்டுங்கள், கர்னலின் செய்திகள் வரும், அதன் கடைசி ஐம்பது வரிகளை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். ஹேங் ஆகி நிற்கும்போதே எடுத்த பதிவுக்கு ஈடாக எதுவும் கிடையாது. வேலை முடிந்ததும் அங்கிருந்தே ரீபூட் கட்டளை கொடுக்கலாம், பவர் பட்டன் தேவையே இல்லை.

செல்போனிலிருந்தும் பதில் இல்லையா, இப்போது சிஸ்ஆர்க்யூ. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை இந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில வினாடி விட்டுத் தட்டுங்கள்: ஆர், இ, ஐ, எஸ், யூ, பி. ஆர் விசைப்பலகையை டெஸ்க்டாப்பிடமிருந்து பிடுங்கும், இ எல்லாப் புரோகிராமையும் நாகரிகமாக நிறுத்தச் சொல்லும், ஐ நிற்காதவற்றைக் கொல்லும், எஸ் நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டில் எழுதும், யூ வட்டைப் பூட்டும், பி மறுதொடக்கம் செய்யும். 176 மதிப்பிலேயே விட்டிருந்தால் கடைசி மூன்று மட்டும் வேலை செய்யும், அதுவும் போதும், ஏனென்றால் நமக்கு முக்கியமானது எஸ். சாவதற்கு முன் கர்னல் சொன்ன கடைசி வரிகள் இன்னும் வட்டுக்குப் போகாமல் இருந்தால் அவற்றை எழுத வைப்பது அதுதான். ரேம் நிரம்பிய ஹேங் என்று தோன்றினால், மதிப்பை 244 ஆக்கியிருந்தால், வரிசையை ஆரம்பிக்கும் முன் எஃப் மட்டும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள், அதிகம் ரேம் பிடித்திருக்கும் புரோகிராமைக் கர்னல் நிறுத்திவிடும், பிரௌசர் மூடிக்கொண்டு கணினி உயிர் பெற்றாலும் பெறலாம்.

இதற்கும் அசையாவிட்டால் கர்னலே செத்துவிட்டது. இப்போது பவர் பட்டனை அழுத்துங்கள்.

மீண்டும் ஏறியதும்

முதல் வேலையாக முந்தைய ஓட்டத்தின், அதாவது ஹேங் ஆகும் வரை ஓடியதன், பதிவைப் பாருங்கள். உபுண்டுவில் லாக்ஸ் என்ற செயலி இருக்கும், அதன் மேற்பகுதியில் எந்த ஓட்டம் என்று தேர்ந்தெடுக்கலாம், இப்போதையதை விட்டு அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல் பிடித்தவர்கள் ஜர்னல்சிடிஎல் அடித்து, இடைவெளி விட்டு கழித்தல்குறி கே, மறுபடி இடைவெளி விட்டு கழித்தல்குறி பி, இன்னொரு இடைவெளி விட்டு கழித்தல்குறி 1 என்று கொடுத்தால் முந்தைய ஓட்டத்தில் கர்னல் சொன்னவை மட்டும் வரும். படத்தில் இருக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து படியுங்கள்.

சிவப்பாகவும் மஞ்சளாகவும் நிறைய வரிகள் இருக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக ஓடும் கணினியிலும் ஏசிபிஐ பிழை, புளூடூத் பிழை என்று தினமும் பத்து இருபது வரிகள் வந்துகொண்டேதான் இருக்கும். கணினி ஏறும்போதே வரும் வரியை விட்டுவிடுங்கள், ஹேங் ஆன நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வருவது எது என்று பாருங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், முதலில் கண்ணில் படும் சிவப்பு வரியைத் தேடுபொறியில் போட்டு, அதற்கு யாரோ 2015-இல் சொன்ன மருந்தைப் போட்டு, புதிதாக ஒரு கோளாறை விலைக்கு வாங்கிவிடுவார்கள்.

அந்த நேரத்தில் ஐ915, ஏஎம்டிஜிபியூ, நூவோ, என்விடியா என்ற பெயர்களோடு ஹேங், டைம்அவுட், ரீசெட் என்ற சொற்கள் வந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் போங்கள். அவுட் ஆஃப் மெமரி என்றால் ரேம். என்விஎம்இ அல்லது ஏடிஏ என்று ஆரம்பித்து ஐஓ பிழை வந்தாலோ, ஏதோ ஒரு புரோகிராம் 120 வினாடிக்கு மேல் சிக்கி நிற்கிறது என்று வந்தாலோ முதலில் வட்டைச் சந்தேகப்படுங்கள். சாஃப்ட் லாக்கப், சிபியூ இத்தனை வினாடியாகச் சிக்கியிருக்கிறது என்று வந்தால் கர்னலின் ஏதோ ஒரு பகுதி விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே வரும் பத்து இருபது வரிகளில் எந்த டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். ஹார்டுவேர் எரர் என்று கர்னலே சொன்னால் அதை நம்புங்கள்.

எதுவுமே இல்லாமல் 11:42:16 வரை சாதாரண வரிகள், அதோடு பதிவு அறுந்துபோனால்? அதுவும் ஒரு விடைதான். எழுதக்கூட நேரமில்லாமல் கணினி ஒரே அடியாக நின்றிருக்கிறது: மின்சாரம், ரேம், சிபியூவின் உறக்க நிலை, அல்லது மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு விழும் டிரைவர்.

நேற்று என்ன மாறியது

பதிவைப் பார்த்த கையோடு வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஏபிடி என்ற அடைவில் இருக்கும் ஹிஸ்டரி கோப்பைத் திறங்கள். எந்தத் தேதியில் எந்தப் பொதி எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று வரிவரியாக அதில் இருக்கும். செவ்வாய் வரை நன்றாக ஓடி புதனிலிருந்து ஹேங் ஆகிறது என்றால் செவ்வாய் இரவு அப்டேட்டில் வந்த கர்னல், மெசா (கிராஃபிக்ஸ் நூலகம்), லினக்ஸ் ஃபர்ம்வேர் (சாதனங்களுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்), மட்டர், ஜிநோம் ஷெல் (இரண்டும் டெஸ்க்டாப்பின் பகுதிகள்) இந்த ஐந்தில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

கர்னல் மாறியிருந்தால் சோதிப்பது சுலபம். கணினி ஏறும்போது எஸ்கேப்பைத் தட்டினால், பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்தால், எதில் ஏறுவது என்று கேட்கும் கிரப் மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற வரிக்குள் போனால் முந்தைய கர்னல் இருக்கும், அதற்குத்தான் அழிக்காதீர்கள் என்றேன். பழைய கர்னலில் இரண்டு மூன்று நாள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அதில் ஹேங் ஆகவில்லை, புதியதில் திரும்பப் போனதும் ஆகிறது என்றால் பாதி வேலை முடிந்துவிட்டது, உருவாக்குநர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். ஒரு மணி நேரம் ஓடியதை வைத்து "சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள், நாளுக்கு ஒரு தடவை ஹேங் ஆகும் கணினி சரியாகிவிட்டதா என்று தெரிய ஒரு நாளுக்கு மேல் வேண்டும்.

எந்தச் சோதனையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு தாளில் தேதி, மாற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, ஹேங் ஆனதா என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஒரே மாலையில் ஐந்தை மாற்றிவிட்டால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அப்புறம் அந்த ஐந்தையும் காலத்துக்கும் சுமந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

கிராஃபிக்ஸ் என்றால்

டெஸ்க்டாப் மட்டும் செத்து உள்ளே உயிர் இருக்கும் ஹேங் வந்தால் ஜிநோமுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களை முதலில் அணையுங்கள், எல்லாவற்றையும். ஜிநோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பு விடுகிறது, உபுண்டுவின் சோதனைப் பதிப்பில் அது சூட்டோடு சூடாக வந்துவிடும், எக்ஸ்டென்ஷன் எழுதியவர்கள் அதற்குள் தயாராகியிருக்க மாட்டார்கள். எக்ஸ்டென்ஷன்கள் ஜிநோம் ஷெல்லுக்கு உள்ளேயே ஓடுகின்றன, ஒன்று சிக்கினாலும் ஷெல் முழுதும் சிக்கும், இப்போதைய திரை அமைப்பான வேலாண்டில் ஷெல் விழுந்தால் திறந்திருந்த வேலையும் சேர்ந்து போய்விடும். முன்பு உள்நுழையும்போது வேலாண்டுக்கு முந்தைய எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பார்க்கலாம், 25.10 பதிப்பிலிருந்து உபுண்டுவின் ஜிநோமில் அது இல்லை, அதனால் பழைய கட்டுரைகளில் அந்த அறிவுரையைப் பார்த்தால் தாண்டிப் போங்கள்.

வீடியோ பார்க்கும்போது மட்டும் ஹேங் ஆனால் பிரௌசர் அமைப்பில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துப் பாருங்கள். திரையில் ஒன்றும் அசையாமல் வெறுமனே படித்துக்கொண்டிருக்கும்போது நின்றால், இன்டெல் மடிக்கணினி என்றால், திரையின் மின்சேமிப்பு வேலையான பிஎஸ்ஆரை அணைத்துப் பார்ப்பது நல்லது. அதற்குக் கிரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று ஆங்கில இ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஐ915, புள்ளி, எனேபிள், அடிக்கோடு, பிஎஸ்ஆர், சமக்குறி, 0 என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எஃப்10 அழுத்த வேண்டும். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும்தான், அடுத்த தடவை ஏறும்போது இருக்காது, அதனால் தைரியமாகச் செய்யலாம். அதே வரியில் நோமோட்செட் என்று சேர்த்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறாது, எல்லாம் மெதுவாக ஓடும், இரண்டாவது திரை தெரியாது, ஆனால் அப்படி ஓடும்போது ஹேங் ஆகவில்லை என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளத்தான் அது, அப்படியே வைத்து வாழ்க்கை நடத்த அல்ல.

என்விடியாவின் சொந்த டிரைவர் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: சோதனைப் பதிப்பில் புதிய கர்னல் வரும்போது அதற்கேற்ற டிரைவர் கட்டப்படாமல் போகலாம், அப்போது உள்நுழையும் முன்பே கறுப்புத் திரையில் நிற்கும். பழைய கர்னலில் ஏறிக் காத்திருங்கள், பெரும்பாலும் அடுத்தடுத்த அப்டேட்டில் சரியாகும்.

ரேம் நிரம்புவது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 22.04-லிருந்து உபுண்டு டெஸ்க்டாப்பில் சிஸ்டம்டி ஊம்டி என்ற காவலர் ஓடுகிறது, ரேம் நெருக்கடி வந்தால் பெரிய புரோகிராமை அதுவே மூடிவிடும். பிரௌசர் திடீரென்று மறைந்துபோனால் பெரும்பாலும் அதன் வேலை. அப்படியும் திணறினால் ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று ஃப்ரீ கட்டளையில் பாருங்கள். 4 ஜிபி ரேமில் முப்பது டேப் திறந்துவிட்டு சோதனைப் பதிப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

சும்மா இருக்கும்போது நிற்பது

வேலை செய்யும்போது ஒன்றுமில்லை, டீ குடித்துவிட்டு வந்தால் செத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஹேங்குகள் பெரும்பாலும் மின்சேமிப்போடு தொடர்புடையவை. இன்டெல்லின் பே டிரெயில் சிபியூக்கள், விலை குறைந்த சின்ன மடிக்கணினிகளில் வந்தவை, ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் எழாமல் நிற்பதில் பேர்போனவை, உறக்க ஆழத்தை 1-க்கு மேல் போகாமல் தடுக்கும் மேக்ஸ் சிஸ்டேட் என்ற கர்னல் அளவுருதான் பல வருடம் அவற்றுக்கு மருந்தாக இருந்தது. ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசனிலும் இதே போல ஒன்று இருந்தது, அதற்கு பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற இடத்தில் டிப்பிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றுவார்கள். என்விஎம்இ வட்டுகளுக்கும் தனி உறக்க நிலை உண்டு, 2017 வாக்கில் லினக்ஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது சில வட்டுகள் தூங்கிவிட்டு எழவே இல்லை. உங்கள் சிபியூவின் பெயரும் வட்டின் பெயரும் தெரிந்திருந்தால் தேடுவது எளிது, இரண்டையும் தாளில் குறித்து வையுங்கள்.

ஹார்டுவேர்

சோதனைப் பதிப்பில் ஹேங் என்றால் பழி எப்போதும் பதிப்பின் மேல்தான் விழும். நானும் அப்படித்தான் ஒரு பழைய மடிக்கணினியில் இரண்டு வாரம் கர்னலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தாளில் எழுதி வந்ததால்தான் தெரிந்தது, எந்தக் கர்னலிலும் நின்றது, எந்த வேலையிலும் நின்றது, பதிவில் ஒரு தடவைகூட ஒரே வரி திரும்ப வரவில்லை. அப்போதுதான் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓட்டினேன். முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாம் சுற்றில், முக்கால் மணி நேரம் கழித்து, நீலத் திரையில் சிவப்பாக ஒரு வரி, அப்புறம் நான்கு, அப்புறம் திரை கொள்ளாமல் ஓடியது. பின்மூடியைத் திறந்து இரண்டு ரேமையும் கழற்றி, அவற்றின் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டினேன். ஒன்று சுத்தமாகத் தேறியது, மற்றது எந்த இடத்தில் போட்டாலும் சிவப்பு. அதை எடுத்து வைத்த நாளிலிருந்து ஹேங் இல்லை.

அதனால் பதிவு அறுந்துபோகும் ஹேங் என்றால் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். கிரப் மெனுவிலேயே அது இருக்கலாம், இல்லாவிட்டால் தனியாக ஒரு யூஎஸ்பியில் போடலாம். வட்டுக்கு டிஸ்க்ஸ் செயலியில், அதன் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் தகவல் என்ற இடத்தைப் பாருங்கள். சூட்டையும் விடாதீர்கள், மே மாத மதியத்தில் மட்டும் நிற்கும் கணினிக்கு விசிறியில் அடைந்த தூசி காரணமாக இருக்கலாம். இன்னொரு நல்ல சோதனை: நிலையான உபுண்டுவை யூஎஸ்பியில் ஏற்றி, நிறுவாமல் அப்படியே சில மணி நேரம் ஓட்டுங்கள். அதிலும் நின்றால் ஹார்டுவேரைப் பாருங்கள்.

புகாரை எழுதுவது

காரணம் முழுதாகத் தெரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்கே நிற்கிறது, எந்தக் கர்னலில் நிற்கவில்லை என்று தெரிந்தாலே எழுதலாம். டெர்மினலில் உபுண்டு, கழித்தல்குறி, பக் என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு லினக்ஸ் என்று கொடுத்தால் கணினியின் விவரங்களை அதுவே திரட்டி, உபுண்டு புகார்களைப் பதியும் லாஞ்ச்பேட் தளத்தைத் திறக்கும். கர்னல் இல்லை, டெஸ்க்டாப்தான் என்றால் லினக்ஸுக்குப் பதில் ஜிநோம் ஷெல்லின் பொதிப் பெயர், நடுவில் கழித்தல்குறியோடு.

அது திரட்டுவது இப்போதைய ஓட்டத்தின் பதிவை. ஹேங் ஆன ஓட்டத்தின் பதிவை நீங்கள்தான் தனிக் கோப்பாகச் சேமித்து இணைக்க வேண்டும், இதை மறந்துவிட்ட புகார்கள் ஏராளம். இணைக்கும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள், உங்கள் பயனர் பெயர், வைஃபை பெயர், வட்டின் சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும், வேண்டாதவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

தலைப்பில் "உபுண்டு ஹேங் ஆகிறது" என்று எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள். எந்த மாடல், எந்தக் கர்னலிலிருந்து, என்ன செய்தால்: இந்த மூன்றும் தலைப்பிலேயே வரட்டும். உள்ளே கடைசியாக நன்றாக ஓடிய கர்னலின் முழு எண், எத்தனை மணிக்கு ஒரு தடவை நிற்கிறது, கேப்ஸ் லாக் எரிந்ததா, செல்போனிலிருந்து நுழைய முடிந்ததா, சிஸ்ஆர்க்யூ வேலை செய்ததா என்று எழுதுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டாலும் தயங்க வேண்டாம், சின்னச் சின்ன வாக்கியம் போதும், தாளில் எழுதிய நான்கு கட்டத்தை அப்படியே ஒட்டினாலும் அவர்களுக்குப் புரியும். ஏற்கெனவே யாராவது அதே மாடலுக்கு எழுதியிருந்தால் எனக்கும் இப்படி ஆகிறது என்று குறிக்கும் இடம் பக்கத்தின் மேலேயே இருக்கும், அதை அழுத்திவிட்டு உங்கள் பதிவையும் கருத்தில் சேருங்கள்.

சில நாளில் யாராவது பதில் எழுதி, மெயின்லைன் கர்னலைப் போட்டுச் சோதிக்கச் சொல்லலாம். உபுண்டு தன் மாற்றங்கள் எதையும் சேர்க்காமல் கட்டித் தரும் கர்னல் அது. அதில் உபுண்டுவின் கையெழுத்து இருக்காது, கையெழுத்தில்லாததை ஏற விடாத செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஏறாது, பயாஸில் அதைத் தற்காலிகமாக அணைத்தால்தான் ஏறும். முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். இன்னும் சோதனையில் இருக்கும் பொதிகள் வரும் புரோபோஸ்டு என்ற களஞ்சியத்தைத் திறந்து அதிலிருந்து ஒரு பொதியை எடுக்கச் சொன்னாலும் அந்த ஒரு பொதியை மட்டும் எடுங்கள், மொத்தத்தையும் அப்டேட் செய்தால் பாதி கட்டிய வீட்டில் குடியேறியது போல ஆகிவிடும். சாதாரண அப்டேட்டிலும் எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று, பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி காட்டும் பட்டியலைப் படித்துவிட்டு ஒய் அடியுங்கள், அதில் உபுண்டு டெஸ்க்டாப் என்ற பெயர் இருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

திருத்தம் வந்துவிட்டதாகச் செய்தி வந்த நாளில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இடைக்கால மருந்தாக இடிசி அடைவில் டிஃபால்ட், அதற்குள் கிரப் கோப்பில் ஏதாவது அளவுருவை நிரந்தரமாகச் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிட்டு, சூடோவுடன் அப்டேட் கிரப் கட்டளையை (நடுவில் கழித்தல்குறியோடு) ஓட்டி, புதிய கர்னலில் ஏறுங்கள். எடுக்காமல் விட்டால் மடிக்கணினி வருடக்கணக்கில் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும், திருத்தம் உண்மையில் வேலை செய்கிறதா என்றும் தெரியாது. முன்பு எந்த வேலையில் ஹேங் ஆனதோ அதே வேலையைச் செய்யுங்கள், இரவில் அணைக்காமல் விட்டுவிட்டுத் தூங்குங்கள். மூன்று நாள் கழித்தும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் கர்னல் எண்ணைக் குறிப்பிட்டு, இதில் ஹேங் ஆகவில்லை என்று அதே புகாரில் ஒரு வரி எழுதுங்கள். உங்களிடம் இருக்கும் அந்த மாடல் திருத்தியவர் மேசையில் இருக்காது, அவர் அந்த வரிக்குத்தான் காத்துக்கொண்டிருப்பார்.